ஷாடி: கந்தலில் பிறந்த ஒரு சொல்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, ‘அது ஷாடியான மொழிபெயர்ப்பு’ என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லை விளக்காமல் நகர்ந்துவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒரு ஆங்கிலச் சொல்லோடு உட்கார்ந்துகொள்கிறேன். எழுத்துக்கூட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: எஸ், எச், ஓ, டி, டி, ஒய்.

கேள்வி: அகராதியில் ‘தரக்குறைவான’ என்று போட்டிருக்கிறது. ‘பூர்’, ‘இன்ஃபீரியர்’ என்ற சொற்களுக்கும் அதே பொருள்தானே? அப்புறம் இது எதற்குத் தனியாக? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: அகராதி சொன்னது சரி. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறது.

யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே ஒரு பொருள் தரம் குறைந்திருக்கலாம். வறண்ட ஆண்டில் விளைந்த பஞ்சின் இழை குட்டையாக இருக்கும். அதை ‘பூர்’ என்பார்கள், ‘இன்ஃபீரியர்’ என்பார்கள். ‘ஷாடி’ என்று சொல்ல மாட்டார்கள். ‘ஷாடி’ என்று சொன்ன கணத்திலேயே அந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்றுவிடுகிறார். அவரால் ஒழுங்காகச் செய்திருக்க முடியும்; செய்யவில்லை. அக்கறை இல்லாமல் கையைக் கழுவியிருக்கிறார், அல்லது காசை மிச்சம் பிடித்திருக்கிறார். அதோடு, முதல் பார்வைக்குக் குறை தெரியாதபடி மேலுக்குப் பூசியும் வைத்திருக்கிறார். இந்தக் கடைசி அம்சம் எல்லா இடத்திலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இருக்கிற இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு முழு உறைப்பு.

அதனால்தான் வானிலை ஷாடி ஆகாது. ஆறு, மலை, காட்டுமரம் எதுவும் ஆகாது. மனிதன் கை பட்டது ஆகும்: ‘ஷாடி குட்ஸ்’, ‘ஷாடி கன்ஸ்ட்ரக்ஷன்’, ‘ஷாடி ஒர்க்மன்ஷிப்’. கை என்பதைக் கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்காமல் அச்சேற்றிய செய்தி ‘ஷாடி ஜர்னலிசம்’. முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தோதான காரணங்களைப் பிறகு ஒட்டவைப்பது ‘ஷாடி ரீசனிங்’. ஆனால் ஆளைச் சுட்டி, ‘அவர் ஷாடி’ என்று சொல்வது அபூர்வம். ஆள் செய்ததைத்தான் சொல்வார்கள்.

உங்கள் தேர்வுக்குப் பயன்படும் என்பதால் இலக்கணத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஒப்பிடும்போது ‘ஷாடியர்’, உச்சத்தில் ‘ஷாடியஸ்ட்’, வினையுரிச்சொல் ‘ஷாடிலி’, பண்புப்பெயர் ‘ஷாடினெஸ்’. பெயருக்கு முன்னாலும் வரும், ‘தி ஒர்க் வாஸ் ஷாடி’ என்று பின்னாலும் வரும்.

கேள்வி: நான் நூல் வியாபாரத்தில் இருக்கிறேன். பழைய கம்பளித் துணியிலிருந்து திரும்ப எடுத்த நூலுக்கு எங்கள் தொழிலில் பெயரே ‘ஷாடி நூல்’தான். பில்லில் அப்படித்தான் போடுகிறோம். உங்கள் கட்டுரையில் அது வசைச்சொல்லாக வந்ததைப் படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் சரக்கை நாங்களே திட்டிக்கொண்டிருக்கிறோமா?

பதில்: இல்லை ஐயா. உங்கள் பில்லில் இருப்பதுதான் மூத்த பொருள். வசை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எப்படி ஒட்டியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நியாயம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் பாட்லி என்று ஓர் ஊர். 1813 வாக்கில் அங்கே பெஞ்சமின் லா என்பவர், பழைய கம்பளித் துணியைக் கிழித்து இழை இழையாக ஆக்கி, கொஞ்சம் புதுக் கம்பளியையும் கலந்து மறுபடி நூற்று, நெய்யும் வழியைக் கண்டுபிடித்தார். நெப்போலியனோடு நடந்த போர்களின் காலம் அது. படைகளுக்குத் துணி வேண்டும், கம்பளி போதவில்லை. கந்தல் மூட்டைக்கு மதிப்பு வந்தது அப்போதுதான். பாட்லியும் பக்கத்து ஊரான டியூஸ்பரியும் இந்தத் தொழிலாலேயே வளர்ந்தன. வெளிநாடுகளிலிருந்தெல்லாம் கந்தல் வந்து இறங்கியது. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே ஏலம் போட்டார்கள்.

அப்படிப் பிரித்தெடுத்த இழைக்கு அந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ‘ஷாடி’. 1830-களில் அச்சிலும் வந்துவிட்டது. ‘உதிர்த்தல்’ என்ற பொருள் கொண்ட ‘ஷெட்’ என்ற ஆங்கில வினையோடு இதற்கு உறவு இருக்கலாம் என்பது ஒரு கருத்து. நூற்கும்போது உதிர்ந்து விழுகிற கழிவிலிருந்து பெயர் வந்திருக்கலாம் என்கிறார்கள். சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இதை முடிந்த முடிபாகக் கொள்வதில்லை. எனக்கும் இது பொருந்துகிறது என்று தோன்றுகிறதே தவிர, கையெழுத்துப் போட மாட்டேன்.

இந்தச் சொல்லுக்கு ஒரு தம்பியும் உண்டு: ‘மங்கோ’. தளர்வாகப் பின்னிய பழைய துணியிலிருந்து எடுத்தது ஷாடி. இறுக்கமாக நெய்து அடித்த கெட்டித் துணியிலிருந்தும் தையற்காரர் வெட்டிப்போட்ட துண்டுகளிலிருந்தும் எடுத்தது மங்கோ. அதன் இழை இன்னும் குட்டை. கெட்டித் துணி இயந்திரத்தில் போகாது என்று ஆட்கள் சொன்னபோது, ‘போய்த்தான் ஆகணும்’ என்று யார்க்‌ஷயர் வழக்கில் முதலாளி சொன்ன ‘மன் கோ’தான் பெயராயிற்று என்று ஊரில் கதை சொல்வார்கள். கதையாகக் கேட்டுக்கொள்வோம்.

துணியைக் கிழிக்கும் இயந்திரத்துக்கு ‘டெவில்’ என்று பெயர். உருளை முழுக்கக் கூரான இரும்புப் பற்கள். அது கக்கிய தூசிக்கு ‘பிசாசின் தூள்’ என்று பெயர். அந்தத் தூசியை நாள் முழுக்கச் சுவாசித்தவர்களுக்கு வந்த இருமலும் காய்ச்சலும் ‘ஷாடி காய்ச்சல்’ என்றே குறிக்கப்பட்டன. கந்தலைத் தரம் பிரித்து, பொத்தானை வெட்டி, தையலைப் பிரித்துக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தச் சொல்லின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் போரைப் பற்றிப் பேசுவார்கள், ஆலை முதலாளிகளைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பெண்களின் நுரையீரலை ஒரு வரியிலாவது சொல்லிவிட்டுப் போவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

இதுவரை வசை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஷாடி ஒரு சரக்கு, அவ்வளவுதான். அதன் பலவீனம் ஒளிவுமறைவானதும் இல்லை. கிழிக்கும்போது இழை அறுந்து குட்டையாகிறது. குட்டை இழையில் முறுக்கு பிடித்து நிற்காது. ஆகவே நூல் வலுக்குறையும். எவ்வளவு புதுக் கம்பளி சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு வலு கூடும். இதைத் தெரிந்து வாங்குகிறவர் ஏமாறவில்லை.

ஏமாற்று அமெரிக்காவில் நடந்தது. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் லிங்கன் 75,000 தொண்டர்களுக்கு அழைப்பு விடுத்தார். அதன் பிறகு படை பல லட்சமாகப் பெருகியது. அத்தனை பேருக்கும் சீருடை உடனே வேண்டும். ஒப்பந்தக்காரர்களில் சிலர், குட்டை இழைக் கழிவை அழுத்தி, ஒட்டி, இஸ்திரி போட்டு, நயமான புதுத் துணிபோல் மினுக்கிக் கொடுத்தார்கள். சில நாள் நடையிலும் ஒரு நல்ல மழையிலும் அது சிப்பாயின் உடம்பிலேயே பிய்ந்து தொங்கியது. பத்திரிகைகள் கொதித்தன. போரில் திடீர்ப் பணம் பார்த்தவர்களை ‘ஷாடி பிரபுக்கள்’ என்று எழுதினார்கள். துணியின் பெயர் அப்போதுதான் பண்பின் பெயராக மாறியது: பார்த்தால் பகட்டு, தொட்டால் பொடி. பெயர்ச்சொல் உரிச்சொல்லாக உருமாறிய தருணத்தைப் பல சொற்களுக்கு இவ்வளவு கிட்டத்தில் காட்ட முடியாது. இதற்குக் காட்ட முடிகிறது.

ஆகவே, ஐயா, குற்றம் கந்தலுடையது அல்ல. கந்தலைப் புதுத்துணி என்று சொன்ன நாக்குடையது. அமெரிக்கச் சட்டமே பின்னால் அந்த வழியில்தான் போனது. 1939-ஆம் ஆண்டின் கம்பளிப் பொருள் சட்டம், மறுபடி எடுத்த கம்பளியைத் தடை செய்யவில்லை. துணியில் தைக்கும் சீட்டில் அதைச் சொல்லியாக வேண்டும் என்றது. 1980-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது பழைய பெயர்களை எடுத்துவிட்டு ‘ரீசைக்கிள்டு’ என்ற ஒரே பெயரை வைத்தார்கள். இன்றைக்கு அதே பெயரைப் பெருமையாகப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

பானிப்பட் ஆலைகளில் இன்றும் நடப்பது பெஞ்சமின் லா செய்ததேதான் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குளிர்நாடுகளிலிருந்து வரும் பழைய உடுப்பை, மறுபடி அணிய முடியாதபடி கிழித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நிறவாரியாகப் பிரித்துவிடுவதால் சாயம் போடும் வேலை பெரும்பாலும் மிச்சம். அங்கே நெய்த கம்பளிப் போர்வைகள்தான் பூகம்பம், வெள்ளம் வந்த இடங்களுக்கு நிவாரணமாகப் போய்ச் சேர்ந்தன. அப்படி ஒரு சாம்பல் நிறப் போர்வை என்னிடம் இருக்கிறது. இந்தப் பதிலை எழுதுவதற்கு முன் அதிலிருந்து ஓர் இழையை உருவி, மெய்ப்புத் திருத்தும் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தேன். தூரத்தில் சாம்பல். உள்ளே சிவப்பு, பச்சை, ஆகாய நீலம், ஒரு மயிரிழை மஞ்சள். யார் யாருடைய சட்டையோ. பில்லில் ‘ஷாடி நூல்’ என்று தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: தமிழில் ஒரே சொல்லாக என்ன போடலாம்? ‘மலிவான’ சரியா? (மொழிபெயர்ப்பு பழகுபவர்)

பதில்: ‘மலிவான’ வேண்டாம். வேறு எது போட்டாலும் இதை மட்டும் போடாதீர்கள். பட்டதால் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். ஒரு கட்டட வேலை தொடர்பான முறையீட்டைத் தமிழாக்கம் செய்யக் கொடுத்தார்கள். ‘ஷாடி ஒர்க்’ என்று மூன்று இடத்தில் வந்தது. மூன்றிலும் ‘மலிவான வேலை’ என்று எழுதினேன். எதிர்த்தரப்பு அந்தத் தமிழைத்தான் படித்தது. ‘நாங்கள் வாங்கியது மலிவான தொகையே இல்லை, இதோ ரசீது’ என்று கட்டுக்கட்டாகக் காகிதங்களோடு வந்து நின்றது. விரிசல் விட்ட சுவரைப் பற்றிப் பேச வேண்டிய அமர்வு முழுக்கத் தொகையைப் பற்றிப் போனது. முறையிட்டவர் வயதானவர். வெளியே வந்து, ‘நான் அதிக விலை கொடுத்தேன் என்பதுதானே அம்மா என் வருத்தமே’ என்றார். அந்தப் பக்கத்தின் நகலை இன்னும் வைத்திருக்கிறேன்.

மலிவு விலையைச் சொல்வது. ஷாடி வேலையைச் சொல்வது. கொள்ளை விலைக்கு விற்றதும் ஷாடியாக இருக்கலாம். கொஞ்சக் காசுக்குச் செய்ததும் உறுதியாக இருக்கலாம்.

என் சொல்லட்டைப் பெட்டியில் இந்தச் சொல்லுக்கான அட்டையில் அடித்தல் திருத்தல்தான் அதிகம். இன்றைய தேதிக்கு நிற்பவற்றைச் சொல்கிறேன். பொருளைப் பற்றி என்றால் ‘மட்டரகமான’ நன்றாகப் பொருந்தும். அதில் தரக்குறைவோடு ஒரு முகச்சுளிப்பும் இருக்கிறது. வேலையைப் பற்றி என்றால் ‘ஏனோதானோவென்று செய்த’, ‘ஒப்புக்குச் செய்த’, ‘கடனே என்று செய்த’ மூன்றுமே மட்டரகத்தைவிடக் கிட்டத்தில் வரும். செய்தவரின் மனசு அவற்றில் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ‘ஒப்பேற்றிய’. இருப்பதை வைத்து, ஆகவேண்டியதைச் செய்யாமல், ஆனதுபோல் காட்டிவிடுவது. ஆங்கிலச் சொல்லின் உயிர்நிலையை அது தொடுகிறது. வாதத்தையோ ஆய்வையோ சொல்லும்போது ‘அரைகுறையான’ போதும். ‘போலி’ என்று போக வேண்டாம். போலி வேறொன்றாக வேடம் போடுவது. ஷாடி நாற்காலி நாற்காலிதான், உட்கார்ந்தால் ஆடும்.

மேற்பூச்சை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒற்றைச் சொல்லைத் தேடி அலையாமல் பழமொழிக்குப் போய்விடுங்கள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று நம் ஆட்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழத்தில் செய்தவர் யாரும் இல்லையே என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ‘சாயம் வெளுத்துவிட்டது’ அதைவிடப் பொருத்தம். அதுவும் துணியிலிருந்து வந்ததுதான், சாயம் போட்டவன் ஒருவனும் இருக்கிறான்.

கேள்வி: ‘ஷேபி’க்கும் ‘ஷாடி’க்கும் என்ன வித்தியாசம்? நான் மாற்றி மாற்றி எழுதுகிறேன்.

பதில்: ‘ஷேபி’ உழைத்துத் தேய்ந்தது. ‘ஷாடி’ பிறக்கும்போதே நோஞ்சான். நல்ல தையற்காரர் தைத்த கோட்டு, இருபது வருடம் போட்டதில் முழங்கை நைந்துபோனால் ஷேபி. நேற்று வாங்கிய கோட்டின் தையல் இன்று விட்டுப்போனால் ஷாடி. முன்னதற்கு ஆறுதலான ஒரு வழக்கும் உண்டு: ‘நாட் டூ ஷேபி’ என்றால் ‘பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது’ என்று பாராட்டு. அந்த இடத்தில் வழக்கமாக ‘ஷாடி’யைப் போட மாட்டார்கள்.

இரண்டும் ஒன்றையொன்று உரசும் இடம், மனிதர்களை நடத்தும் விதம். ‘ஷேபி ட்ரீட்மென்ட்’, ‘ஷாடி ட்ரீட்மென்ட்’ இரண்டும் சொல்வார்கள். முப்பது வருடம் உழைத்தவரை ஒரு வரிக் கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பினால் இரண்டில் எதைப் போட்டாலும் தகும். முதலாவதில் அற்பத்தனம் தூக்கல். இரண்டாவதில், செய்யவேண்டிய முறைப்படி செய்யாத அலட்சியம் தூக்கல்.

கூடவே ஒன்றைப் பார்த்து வையுங்கள். மட்டத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் பல துணிக்கடையிலிருந்து வந்தவை. ‘ஸ்லீசி’ என்று இன்று அருவருப்பாகச் சொல்வது, 17-ஆம் நூற்றாண்டில் நொய்ந்த மெல்லிய துணியைக் குறித்தது. வெற்றுப் பகட்டுப் பேச்சான ‘பாம்பாஸ்ட்’, உடைக்குள் அடைக்கும் பஞ்சு. ‘டாட்ரி’ வந்த கதை இன்னும் அழகு: ஈலி என்ற ஊரில் 679-இல் இறந்த ஒரு புனிதவதி, கழுத்தில் கட்டி வந்தபோது, இளமையில் ஆசையாய்க் கழுத்தணி போட்டதன் தண்டனை என்று எண்ணினாராம். அவரது திருநாள் சந்தையில் விற்ற பட்டுக் கழுத்துப்பட்டை, அவர் பெயரான ‘செயின்ட் ஆட்ரி’யிலிருந்து ‘டாட்ரி லேஸ்’ ஆயிற்று. நாளடைவில் மினுக்கும் மட்டரகமுமான எதற்கும் பெயராயிற்று. டாட்ரி கண்ணைப் பறிக்கும். ஷாடிக்குக் கண்ணைப் பறிக்கும் ஆசை இல்லை. உங்கள் கண்ணுக்குத் தப்பினால் போதும்.

துணி இவ்வளவு சொற்களைத் தந்ததில் ஆச்சரியம் இல்லை. கைக்குள் அடங்குகிற, உடம்பில் படுகிற, ஏமாற்றினால் உடனே காட்டிக்கொடுக்கிற சரக்கு வேறு எது? சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் உவமித்து, புத்தகத்துக்கே ‘நூல்’ என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. ஷாடியான கட்டுரை என்று சொன்னால் நமக்குக் கூடுதலாகவே புரிய வேண்டும். பிறர் எழுதியதைக் கிழித்து, இழை குட்டையாகி, முறுக்கு நிற்காமல், புதுசு என்று மடித்து வைத்தது.

கேள்வி: வேலையை மோசமாகச் செய்த ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் எழுதுகிறோம். எங்கள் மேலாளர் ‘யுவர் ஷாடி ஒர்க்’ என்று போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: முதல் கடிதத்தில் வேண்டாம். மேலே சொன்னதுபோல் இந்தச் சொல் குறையை மட்டும் சொல்வதில்லை, ‘நீ வேண்டுமென்றே அலட்சியம் செய்தாய்’ என்கிறது. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். அவரும் குறையை விட்டுவிட்டு, சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார். ‘டிஃபெக்டிவ்’ என்று போடுங்கள், அதில் யாருடைய மனசும் இல்லை. ஒப்பந்தத்தில் தரம் எழுதியிருந்தால் ‘சப்ஸ்டாண்டர்ட்’ என்று போட்டு, எந்தப் பிரிவுக்குக் கீழே போயிருக்கிறது என்று எண்ணைக் குறிப்பிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு பழுதையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். எந்தக் கதவு, எந்தக் கீல், எத்தனை திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை இருக்கிறது, எந்தத் தேதியில் கழன்றது. படம் இருந்தால் அதே எண்ணோடு இணையுங்கள். வந்து பார்த்துச் சரிசெய்ய ஒரு நாளும் குறித்துவிடுங்கள். வந்தவர் கீலைப் பார்க்காமல் கதவுக்கு வண்ணம் அடித்துவிட்டுப் போனால், இரண்டாவது கடிதத்தில் உங்கள் மேலாளர் சொன்ன சொல்லைப் போடலாம்.